பஞ்சாங்கத்துக்குப் பால்மரம் தெரியுமா?

தோழர்களே!

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். நம் தோட்டங்களிலோ தை பிறந்தால் கடன் பிறக்கிறது. தை முகூர்த்தம், மாசி முகூர்த்தம், பங்குனி முகூர்த்தம் என்று மூன்று மாதமும் கொட்டுமேளம். சித்திரை பிறந்ததும் வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். இது ஆண்டுதோறும் காணும் காட்சி. ஏன் இப்படி என்று நாம் என்றாவது கேட்டதுண்டா?

தையில் கல்யாணம் என்பது எங்கே ஏற்பட்ட வழக்கம்? தமிழகத்து உழவன் வீட்டில் ஏற்பட்ட வழக்கம். அவன் வயலில் நெல் அறுத்துக் களத்தில் அடித்துக் குதிரில் கொட்டிய காலம் தை. விற்றது போக மிச்சம் நாலு காசு கையில் இருக்கும். வேலையும் ஓய்ந்திருக்கும். ஆகவே தையில் பெண்ணுக்கு மணம் முடித்தான். ஆடியில் விதைக்க வேண்டும். கையிலிருப்பது விதைநெல் ஒன்றுதான். ஆகவே ஆடியில் வேண்டாம் என்றான். அவன் செய்தது அறிவுள்ள காரியம். தன் வரவையும் செலவையும் பார்த்து நாள் குறித்தான்.

நம் வரவு எங்கிருந்து வருகிறது? பால்மரத்திலிருந்து வருகிறது. இந்த நாட்டில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பால்மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும் காலம். அந்த நாட்களில் எத்தனை மரம் வெட்டினாலும் மங்கு நிறையாது. வாளியைத் தூக்கினால் அதன் கனம் நமக்கே தெரியும். நிறுவையில் பால் குறைகிறது, சம்பளத்தில் காசு குறைகிறது. அதாவது வரும்படி வற்றிக் கிடக்கும் அதே மூன்று மாதத்தில்தான் வாழ்நாளிலேயே பெரிய செலவை இழுத்துப் போட்டுக் கொள்கிறோம். பால் தாராளமாக இறங்கும் ஆடி மாதத்தில், "ஐயோ, ஆடியில் ஆகாது!" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பஞ்சாங்கம் கணித்தவர் பால்மரத்தைக் கண்டவரல்லர். கண்டிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். உழவனுக்கு வெட்டிய சட்டையைத் தோட்டத்துத் தொழிலாளி மாட்டிக்கொண்டு, "கை நுழையவில்லையே" என்று அழுவதில் என்ன பயன்?

நாள் பார்ப்பது ஒன்று மட்டுமா? நாளிலே தொடங்கி நலங்கு வரை எதையும் நம் வாழ்க்கையைக் கொண்டு அளந்து பார்க்காமல் செய்து வருகிறோம். அதனால்தான் புரோகிதமும் சடங்கும் சகுனமும் இல்லாத சீர்திருத்தத் திருமணத்தைப் பற்றியும், அதைத் திட்டம் போட்டு நடத்துவது எப்படி என்பதைப் பற்றியும் இன்று சில உண்மைகளைச் சொல்ல வந்தோம்.

தூணுக்குப் பின்னால் நின்ற தாய்

சில காலத்துக்கு முன் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் தாயார் பால் வெட்டும் தொழிலாளி. மகனுக்கு நாலு வயதில் தகப்பன் போய்விட்டான். அந்த அம்மாள் விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, மழையிலும் அட்டைக்கடியிலும் மரம் வெட்டி, அவனைப் படிக்க வைத்து ஆளாக்கினார்.

மணவறையிலே தாலியைத் தட்டில் வைத்து ஆசி பெறச் சபைக்குள் கொண்டு வந்தார்கள். எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெற்ற தாயைத் தேடினோம். மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. "நீ வராதே" என்று யாரும் சொல்லவுமில்லை. தாமாகவே போய் நின்றுகொண்டார். கைம்பெண் முன்னால் வந்தால் சகுனம் கெடும் என்று அவருக்கே ஒரு பயம். நம் நெஞ்சைச் சுட்டது அதுதான்.

அந்தத் தட்டிலிருந்த தாலி யார் காசில் வாங்கியது? அந்தப் பந்தல் யார் வியர்வையில் நின்றது? உழைப்பதற்கு அவர் கை வேண்டும், ஆசி சொல்வதற்கு அந்தக் கை ஆகாதா? இந்த அநீதியை எந்த மந்திரத்தின் பேரால் நியாயப்படுத்தப் போகிறோம்?

பழசு எது? புதுசு எது?

"ஐயரில்லாமல், அக்கினியில்லாமல் கல்யாணமா? இது என்ன புதுப்பழக்கம்?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் லயங்களில் இன்றும் உண்டு. அவர்களுக்கு வணக்கத்தோடு பதில் சொல்வோம்.

அகநானூற்றிலே 86ஆம் பாட்டிலும் 136ஆம் பாட்டிலும் பழந்தமிழர் திருமணம் சொல்லப்படுகிறது. பந்தல் உண்டு, மணல் பரப்பியது உண்டு, விருந்து உண்டு, பெரியோர் வாழ்த்து உண்டு. புரோகிதரும் இல்லை, தீ வலம் வருவதும் இல்லை. சிலப்பதிகாரத்துக் கண்ணகி திருமணத்தில்தான் மறையவரும் தீவலமும் தலைகாட்டுகின்றன. ஆக, பழமை என்று பேசப் புகுந்தால் நம் பழமை இன்னும் பழசு.

வேறொன்றும் சொல்லுவோம். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து காடு அழித்து லயம் கட்டிய காலத்தில், எல்லாத் தோட்டத்திலுமா வேதம் ஓதியவர் இருந்தார்? கோவில் பூசாரியோ பண்டாரமோ வயதில் மூத்த ஒருவரோ தாலியை எடுத்துக் கொடுக்க, பந்தலில் இருந்தவர்கள் பூவைத் தூவ, கல்யாணம் முடிந்தது. அந்தத் தம்பதிகளின் பேரப்பிள்ளைகள்தாமே நாம்? அவை செல்லாத திருமணம் என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு?

பெரியார் ஈ.வெ.ரா. 1925இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கினார். 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1954இல் மறுபடியும் வந்தார். சிங்கப்பூரில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் ஏற்பட்டது. அந்த விதை நம் தோட்டங்களிலும் விழுந்து முளைத்தது.

சுயமரியாதை என்ற சொல்லின் பொருளைத் தோட்டத் தொழிலாளி ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டவனல்லன். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது நம் தொழிலாளர் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். துப்பாக்கிக்கு முன்னால் நின்று கேட்டார்கள். (கிராணித் தோழர்கள் வருந்த வேண்டாம். இன்று நீங்களும் நாமும் ஒரே சங்கத்துக் காற்றைச் சுவாசிக்கிறோம்.) துரை முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவனின் பேரன், ராகுகாலத்துக்கு முன்னால் நடுங்குவது அழகா?

சட்டம் இல்லாத உறுதிமொழி

இனி, சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட நம்மவரைப் பார்த்தும் ஒரு வார்த்தை.

தமிழகத்தில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. 1928க்குப் பிறகு எத்தனையோ சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு வழக்கில், சடங்கில்லாத அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம்பி மாலை மாற்றிக்கொண்ட பெண்களின் நிலை என்ன? பிள்ளைகளின் சொத்துரிமை என்ன? அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967இல் சட்டத்திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. முன்பு நடந்தவையும் செல்லும் என்று அந்தச் சட்டம் கூறிற்று. 40 ஆண்டு காத்திருக்க நேர்ந்தது!

ஆனால் தோழர்களே, அது அங்கேயுள்ள சட்டம். இந்த நாட்டில் அது நம்மைக் காப்பாற்றாது. "தமிழ்நாட்டிலேயே சட்டம் ஆகிவிட்டதே, நமக்கென்ன?" என்று பதிவு செய்யாமல் இருப்பவர் உண்டு. அது தவறு. இங்கே முஸ்லிமல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் அது நடப்பில் உள்ளது. அந்தச் சட்டம் அக்கினியைக் கேட்கவில்லை. புரோகிதரைக் கேட்கவில்லை. இருவரும் மனமொப்பிச் சம்மதிக்கிறார்களா என்று கேட்கிறது. இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. ஒருவனுக்கு ஒருத்தி என்கிறது. சுயமரியாதைக்காரன் கேட்டதும் இவ்வளவுதானே?

பதிவில்லாத தாலியால் நேரும் துன்பம் கொஞ்சமன்று. புருஷன் விபத்தில் போனால், சேமநிதிப் பணத்துக்கும் சொக்சோ உதவிக்கும் "நான் அவர் மனைவி" என்று ரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அந்தப் பெண் அலைய வேண்டும். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டால் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது. பிள்ளையின் கதி இதைவிடக் கேடு. தகப்பன் குடியுரிமை உள்ளவனாக இருந்தாலும், திருமணம் சட்டப்படி அமையாவிட்டால் பிள்ளை தாயின் நிலையையே சேரும். தாயிடம் தாளில்லை என்றால் பிள்ளைக்கும் தாளில்லை. தாளில்லாத ஏழைக்கு என்ன நேரும் என்பதை 1969 நமக்குக் கற்பித்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, ஆயுள் முழுவதும் இந்த மண்ணில் மரம் வெட்டியவர்களும் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். அந்தப் பாடத்தை மறந்தோமானால் நம்மைவிடப் பேதைகள் யார்?

புரோகிதர் போனார், தலைவர் வந்தார்!

இன்னொரு குற்றமும் நம்மிடத்தில் உண்டு. ஒளிக்காமல் சொல்லுவோம். சீர்திருத்தத் திருமணம் என்று அழைப்பிதழ் அச்சிடுகிறோம். பத்து மணி என்று போடுகிறோம். தலைமை தாங்குபவர் பன்னிரண்டுக்கு வருகிறார். மைக்கைப் பிடித்தால் ஒன்றரை மணிக்குத்தான் விடுகிறார். அவருக்குப் பின்னால் வாழ்த்துரை எட்டுப் பேர். குழந்தைகள் பசியால் அழுகின்றன. மணப்பெண் தலை குனிந்தபடியே இருக்கிறாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. புரியாத மந்திரத்தை மூன்று மணி நேரம் கேட்டோம் அன்று. புரிந்தும் முடியாத சொற்பொழிவை மூன்று மணி நேரம் கேட்கிறோம் இன்று. புரோகிதர் உட்கார்ந்த நாற்காலியில் தலைவர் உட்கார்ந்தார் என்பதைத் தவிர வேறென்ன மாறிற்று?

செலவாவது குறைந்ததா? அதுவும் இல்லை. கிராணி வீட்டில் ஐந்நூறு பேருக்கு விருந்து என்றால் வெட்டுக்காரர் வீட்டில் அறுநூறு பேருக்கு விருந்து. கிராணித் தோழர்களே, இதில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. நீங்கள் எட்டு வைக்கும் இடத்தில் லயத்தார் கால் வைக்கிறார்கள். நீங்கள் சிக்கனமாக நடத்திக் காட்டினால் சிக்கனமே தோட்டத்துக்கு மரியாதையாகிவிடும்.

திட்டம் போடுவோம்

முதற்காரியம் பதிவு. மணநாளுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே இருவரும் அடையாளக் கார்டோடு தேசியப் பதிவுத் துறைக்குப் போய் மனுச் செய்துவிட வேண்டும். 21 நாள் அறிவிப்பு ஒட்டப்படும். ஆட்சேபணை இல்லையெனில் பதிவுத் திருமணம் நடத்தலாம். மனுவுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. 21 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் என்ற பேச்சே நம் வீட்டில் எழக் கூடாது. சில கோவில்களுக்கும் சங்கங்களுக்கும் துணைப் பதிவதிகாரிகள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். விசாரித்துக் கொள்ளுங்கள். மனு எழுதத் தெரியாத தொழிலாளிக்குக் கிராணித் தோழர் எழுதிக் கொடுத்தால் அதுவே அவர் தரும் பெரிய மொய்.

இரண்டாவது, நாள். சம்பளம் வந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையே நமக்கு நல்ல நாள். இலையுதிர் காலத்தைத் தவிர்க்க வேண்டும். அடைமழைக் காலத்தையும் தவிர்க்க வேண்டும். ஆடியானாலும் சரி, புரட்டாசியானாலும் சரி, கையில் காசும் உறவினருக்கு ஓய்வும் இருந்தால் அதுவே முகூர்த்தம். மாலை நாலு மணிக்கு வைத்தால் ஞாயிறு வேலை உள்ளவரும் பால் நிறுத்துவிட்டு, குளித்து, நிம்மதியாக வந்து சேரலாம். யாருக்கும் ஒரு நாள் சம்பளம் போகாது.

மூன்றாவது, தலைமை. தலைவரைத் தேடிப் பட்டணத்துக்குப் போக வேண்டாம். முப்பது வருஷம் மரம் வெட்டிய ஒரு பெரியம்மாள் தலைமை தாங்கட்டும். கைம்பெண்ணாக இருந்தால் இன்னும் சிறப்பு. பெற்ற தாய் எவராயினும் மேடையில் முதல் நாற்காலி அவருக்கே. மாலையை எடுத்துக் கொடுப்பதும் அவரே.

நாலாவது, உறுதிமொழி. மணமகனும் மணமகளும் தங்கள் வாயால், எல்லார் காதிலும் விழும்படி படிக்க வேண்டும். தாங்களே எழுதிக்கொள்ளட்டும். மாதிரிக்கு ஒன்று தருகிறோம்:

"இன்று முதல் நாங்கள் இருவரும் வாழ்க்கைத் துணைவர்கள். சம்பாத்தியத்திலும் வீட்டு வேலையிலும், சுகத்திலும் நோயிலும் சரிபங்கு ஏற்போம். ஒருவரையொருவர் அடிக்கவோ இழித்துப் பேசவோ மாட்டோம். இரு வீட்டுப் பெற்றோரையும் ஒன்றுபோல் காப்போம். இந்தத் திருமணத்துக்காக நாங்கள் ஒரு காசும் கடன் வாங்கவில்லை."

கடைசி வரியைப் படிக்கும்போது யாருக்காவது நாக்குத் தடுமாறுமானால், திட்டத்தைத் திருத்திக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள்.

ஐந்தாவது, தாலி. கட்டுவதும் கட்டாததும் மணமக்கள் விருப்பம். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் மாற்றினாலும் போதும். தாலி கட்டுவதானால் மஞ்சள் கயிறே போதும். அடகுக்கடைக்குப் போகப் போகும் பொன்னை ஒரு நாள் கழுத்தில் காட்டுவதால் யாருக்குப் பெருமை?

வாழ்த்துரை மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்து, பந்தியும் நேரத்தோடு நடக்க வேண்டும். மதுப்புட்டி பந்தலுக்குள் வரக் கூடாது.

காகிதத்தை எடுங்கள், கணக்குப் போடுவோம்

2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பன்னிரண்டு மாதத்துக்கு 20,400. கல்யாணத்துக்கு 20,000 வெள்ளி கடன் வாங்கினால், ஏறக்குறைய ஓர் ஆண்டு முழுவதும் உண்ணாமல் உடுக்காமல் உழைத்ததற்குச் சமம். மாதம் 500 வெள்ளி திருப்பிக் கட்டினால், வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 40 மாதம் ஆகும். முதற்பிள்ளை பிறந்து, நடந்து, பேசத் தொடங்கியும் தகப்பன் கல்யாணக் கடனைக் கட்டிக்கொண்டிருப்பான். வட்டி சேர்ந்தால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் கட்டிக்கொண்டிருப்பான்.

சேமநிதியில் 2024 மே மாதம் மூன்றாம் கணக்கு திறக்கப்பட்டது. நினைத்த நேரத்தில் எடுக்கலாம் என்றதும், அதை மேளத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் எடுக்கிறவர்களைப் பார்க்கிறோம். அது கிழப்பருவத்துச் சோறு, தோழர்களே! ஒரு நாள் விளக்குக்காக முதுமையை இருட்டாக்கலாமா?

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நம்மில் பலர் லயத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்கும் அடுக்குவீட்டுக்கும் போனோம். கோவிலைக்கூட விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. ஆனால் கல்யாணக் கடன் மாத்திரம் சாமான் லாரியில் ஏறி நம்மோடு கூடவே வந்துவிட்டது!

ஆட்சேபணைக்குப் பதில்

"சங்கம் சம்பளத்தைப் பேசட்டும். கல்யாணத்தில் ஏன் தலையிடுகிறது?" என்று சிலர் கேட்பார்கள். நன்றாகக் கேளுங்கள். சங்கம் பேரம் பேசி வாங்கித் தந்த உயர்வை வட்டிக்காரன் வாங்கிக்கொண்டு போவானானால் நாம் யாருக்காகப் போராடினோம்? கடன்பட்டவன் வேலைநிறுத்தத்துக்கு அஞ்சுவான். நாளைச் சம்பளம் நின்றால் தவணை நின்றுவிடுமே என்று அஞ்சுவான். கடனில்லாத தொழிலாளியே நிமிர்ந்து நிற்பான். ஆகவே கல்யாணச் செலவு நிச்சயமாகச் சங்கத்தின் விஷயம்.

"சாமிக்குத்தம் ஆகாதா?" என்பார் பாட்டி. சங்கத்தில் எல்லா மதத்தாரும் இருக்கிறோம், எம்மதமும் வேண்டாம் என்பாரும் இருக்கிறோம். கும்பிட விரும்புவோர் மறுநாள் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டு வரட்டும். யார் தடுத்தார்கள்? நாம் வேண்டாம் என்பது இடைத்தரகரையும், சகுனத்தையும், கடனையும், பெண்ணை இழிவுபடுத்தும் சடங்கையும்தான்.

"பெண் வீட்டார் ஒப்ப மாட்டார்களே" என்பார் மாப்பிள்ளை. தம்பி, பெண்ணைக் கேட்டாயா? முதலில் அவளிடம் போய்க் கேள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்தக் காகிதத்தை இரு வீட்டார் முன்னாலும் வை. கடன் வேண்டாம் என்று பிள்ளைகளே சொன்ன பிறகு, கடன் வாங்கியே தீருவேன் என்று சொல்லும் தகப்பன் நம்மில் எத்தனை பேர்?

தோழர்களே! அடுத்த கல்யாணம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நடக்கும். அன்றைக்கு மேடையைப் பாருங்கள். பூவும் விளக்கும் எத்தனை என்று எண்ண வேண்டாம். பெற்ற தாய் எங்கே இருக்கிறாள் என்று பாருங்கள். தூணுக்குப் பின்னால் நின்றால், போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து முதல் நாற்காலியில் உட்கார வையுங்கள். சீர்திருத்தம் அந்த நாற்காலியிலே தொடங்கட்டும்.

பதிவோடு மணப்போம்! கடனின்றி மணப்போம்! மானத்தோடு வாழ்வோம்!